ஓடக்காரியின் மணிமகுடம்

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ வெண்டிரைக்கு வந்த ஆரவாரம் அடங்கிவிட்டது. 2022 ஆம் ஆண்டு செப்டெம்பர் 30 ஆம் திகதி முதற் பாகமும், 2023 ஏப்ரல் 28 ஆம் திகதி இரண்டாம் பாகமுமாக மணிரத்னம் அதனைப் படமாக்கித் தந்தார். அந்நாட்களில் அதுபற்றி எழுதப் புகுந்தோர் இரு சாராராய்ப் பிரிந்து நின்றனர். நூலைத் தொட்டதே குற்றம் என்றனர் ஒரு சாரார். நூல் வேறு, படம் வேறு. ஒப்பிடுவதே அறியாமை என்றனர் மறுசாரார். அந்தக் கூச்சலிடையே பேசுவதில் எனக்கு விருப்பம் இருக்கவில்லை. இப்பொழுது எழுத நேர்ந்ததற்குக் காரணம் நம் மாணவர்கள். இன்று உயர்தர வகுப்பில் இருப்போருட் பலர் படத்தை முதலிற் பார்த்துவிட்டு அதன் பின்னரே நூலைத் தேடி வருகின்றனர். இது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் நூலின் இறுதிப் பாகத்தை எட்டியதும் அவர்கள் திடுக்கிட்டு நிற்கின்றனர். “என்ன சேர் இது, பூக்கட்டுறவன் ராசாவாகிறான்? படத்தில இப்பிடி இல்லையே” என்று ஒரு மாணவன் கேட்டான். அந்தக் கேள்விக்கு வகுப்பறையில் ஐந்து நிமிடத்தில் விடை சொல்ல இயலாது. ஆறுதலாகச் சொல்லவேண்டிய விடை அது.

நான் இந்நூலின் பித்தர்களுள் ஒருவன். ஆகவே தராசு முள்ளின் நடுவுநிலைமையை இங்கே எவரும் எதிர்பார்த்தல் வேண்டா. 1950 ஒக்டோபர் 29 ஆம் திகதி ‘கல்கி’ இதழில் தொடங்கி 1954 மே 16 ஆம் திகதி முற்றுப்பெற்ற அத்தொடர்கதை, இந்திய இதழ்களோடு கடல் கடந்து மட்டக்களப்புக்கும் வந்தது. இதழிலிருந்து தாள்களைக் கழற்றி, ஊசியும் நூலும் கொண்டு தைத்து, தடித்த அட்டையிட்டுக் கட்டிவைத்துக்கொள்ளும் வழக்கம் அக்காலத்தில் வாசிப்புள்ள வீடுகளில் இருந்தது. என் தந்தையார் கட்டிவைத்த ஐந்து பாகங்களுள் மூன்றாவதான ‘கொலை வாள்’, 1978 நவம்பர் 23 ஆம் திகதி வீசிய சூறாவளியில் கூரையோடு போயிற்று. ஆதலால் இரண்டாம் பாகத்திலிருந்து நான்காம் பாகத்துக்கு ஒரே தாவலாகத் தாவிப் படித்தவன் நான். இடையில் நடந்தவற்றை வீட்டார் ஆளுக்கொரு விதமாகச் சொல்லக் கேட்டே நிரப்பிக்கொண்டேன். பின்னாளில் வாசிகசாலைப் பிரதியில் அப்பாகத்தைப் படித்தபோது, கல்கி எழுதியதைவிடப் பெரியம்மா சொன்னது சில இடங்களில் நன்றாயிருந்ததாகவே எனக்குப் பட்டது.

வீராணம் ஏரியை எங்களில் எத்தனைபேர் கண்டிருந்தோம்? எழுபத்து நான்கு கணவாய்களைக் கொண்ட அந்த ஏரிக்கரையில், ஆடிப் பதினெட்டு அன்று ஓர் இளைஞன் குதிரையேறி வருவதோடு கதை தொடங்குகிறது. எங்களுக்குத் தெரிந்த பெருநீர் வாவிதான். ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமாய்க் கிடக்கும் அந்நீர்ப்பரப்பில் ஆடி மாதத்துக் கச்சான் எழும்பினால் சிற்றலைகள் வரிசை வரிசையாகக் கரையில் வந்து முட்டும். அந்த அலையைக் கொண்டே நாங்கள் வீராணத்தை நிரப்பினோம். வந்தியத்தேவன் எழுவான்கரை மணலில் குதிரை விட்டான். கோடிக்கரையிலிருந்து புறப்பட்டதாக நூல் கூறும் பூங்குழலியின் ஓடம், எங்கள் மனத்தில் மண்முனைத்துறையிலிருந்து புறப்பட்டது. நூல் சொல்லாது விட்ட நிறத்தையும் மணத்தையும் வாசகன் தன்னூர் மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்கிறான். ஓவியர் மணியம் வரைந்த முகங்கள் இருந்தன என்பது உண்மை. ஆயினும் அவை கோட்டோவியங்களாதலால் மிகுதியை நாமே தீட்டவேண்டியிருந்தது.

படத்துக்கு இந்த வசதி இல்லை. அது எல்லாவற்றையும் தானே காட்டியாக வேண்டும். நந்தினியின் கொண்டை அப்படியில்லை, குந்தவையின் நடை இப்படியில்லை என்று புலம்பும் அன்பர்களோடு நான் சேராததற்குக் காரணம் இதுவே. என் மனத்திலுள்ள குந்தவை என் அயலூர் ஆசிரியை ஒருவரின் சாயலில் இருப்பவர். அவரைப் பம்பாயிலோ சென்னையிலோ தேடிப்பிடித்துத் தாருங்கள் என்று எந்த இயக்குநரிடம் கேட்பது?

கல்கி திரைப்படத்தைத் தீண்டத்தகாததாக எண்ணியவரும் அல்லர். 1939 இல் அவருடைய ‘தியாகபூமி’ படமாகிக்கொண்டிருந்தபோதே, படத்தின் நிழற்படங்களோடு ஆனந்த விகடனில் தொடராகவும் வந்தது. 1945 இல் வெளிவந்த ‘மீரா’வுக்கு உரையாடல் எழுதியவரும் அவரே. அவர் மறைந்தபின் ‘பார்த்திபன் கனவு’ 1960 இல் திரைக்கு வந்தது. ‘பொன்னியின் செல்வ’னுக்கு மட்டும் காலம் கனியவில்லை. எம். ஜி. ஆர். உரிமை பெற்று முயன்றார், கமல்ஹாசனும் முயன்றார். நூல் முடிந்து ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழிந்த பின்னரே அது திரையேறியது. ஐந்து பாகங்களை ஏறக்குறைய ஐந்தரை மணி நேரத்துக்குள் அடக்கவேண்டியிருந்தது. ஆகவே வெட்டியே தீரவேண்டும். இதில் விவாதத்துக்கு இடமில்லை.

வெட்டுவதைப் பற்றி மட்டக்களப்பார் பிறருக்குப் பாடம் சொல்லத் தகுதியுடையவர்கள் என்பது என் எண்ணம். ஏனெனில் பெருநூலொன்றை மேடைக்குச் சுருக்குவதும், அச்சுருக்கத்தைக் குறித்துச் சண்டையிடுவதும் நமக்குப் புதியன அல்ல. இரவு தொடங்கி விடியும்வரை வட்டக்களரியில் ஆடப்பெற்ற வடமோடி, தென்மோடிக் கூத்துக்களைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு சுருக்கி, நகர மேடைக்குக் கொணர்ந்தார். 1962 இல் ‘கர்ணன் போர்’ வந்தது. பின்னர் ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலிவதை’ ஆகியன வந்தன. நாற்புறமும் சனம் சூழ்ந்திருந்த களரி, ஒருபுறம் மட்டும் திறந்த படச்சட்ட மேடையாயிற்று. அண்ணாவியார் மணிக்கணக்காக ஆட்டுவித்த ஆட்டமும் தாளக்கட்டும் நிமிடக்கணக்காயின. இது கூத்தா என்று கேட்டவர்களும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். ஆயினும் அந்நாடகங்கள் நின்றன. அவ்வாறு நின்றதற்குக் காரணம், எதை வெட்டினாலும் கதையின் உயிர்நிலையில் கத்தி வைக்கப்படவில்லை என்பதே.

கர்ணன் கதையையே எடுத்துக்கொள்வோம். ஆட்டத்தைக் குறைக்கலாம். வரவுகளைச் சுருக்கலாம். சல்லியன் தேரிலிருந்து இறங்கும் வாக்குவாதத்தை நாலு அடியில் முடிக்கலாம். ஆனால் தேர்ப்பாகன் வீட்டில் வளர்ந்தவன் குந்தியின் வயிற்றிற் பிறந்தவன் என்ற செய்தியை விட்டுவிட்டு ஆடினால், களரியைச் சுற்றியிருக்கும் கிழவிகள் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். அதன்பின் மிஞ்சுவது வெறும் சண்டை.

இன்னொரு சான்றும் நம் மண்ணிலேயே உண்டு. காரைதீவு தந்த விபுலானந்த அடிகள் 1926 இல் வெளியிட்ட ‘மதங்க சூளாமணி’யில், செகசிற்பியார் என்று தாம் பெயரிட்டழைத்த சேக்சுபியரின் பன்னிரு நாடகங்களை எடுத்துக்காட்டியல் என்னும் ஒரே பகுதிக்குள் அடக்கினார். பன்னிரண்டு நாடகம் ஒரு பகுதிக்குள்! மணிரத்னம் பட்ட இடர் அடிகளார் பட்ட இடருக்கு முன் பெரிதன்று. ஆயினும் அடிகளாரின் சுருக்கத்தைப் படிப்பவனுக்கு அந்நாடகம் எதைப் பற்றியது என்பதில் ஐயம் எழுவதில்லை.

இந்த அளவுகோலைக் கொண்டு படத்தை அளந்தால் மெச்சவேண்டியவை பல. கந்தமாறனின் தங்கை மணிமேகலையைப் படம் முற்றாக விட்டுவிட்டது. அவள்மேல் இரக்கம் கொண்ட வாசகர் வருந்தலாம், கதை வருந்தவில்லை. குந்தவையும் நந்தினியும் எதிரெதிர் நின்று பேசும் காட்சியில், நூலில் பல அத்தியாயங்களாக நீண்ட பகை இரண்டு முகங்களுக்குள் வந்துவிடுகிறது. ஆழ்வார்க்கடியானாக வந்த ஜெயராம், அந்தக் குடுமியும் கைத்தடியுமாக நூலிலிருந்து நேரே இறங்கி வந்தவரே. ரவி வர்மனின் ஒளிப்பதிவும் ரகுமானின் இசையும் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. 2022 ஆம் ஆண்டுக்கான இந்திய தேசிய விருதுகளில் இவ்விரண்டும் பரிசு பெற்றன, சிறந்த தமிழ்ப் படமாகவும் முதற் பாகம் தெரிவாயிற்று. அது வெளிவந்த நாட்களில் இந்நாடு எரிபொருட் பங்கீட்டிலும் மின்வெட்டிலும் தவித்துக்கொண்டிருந்தது. அவ்விடருக்குள்ளும் நம்மவர் படமாளிகைக்குப் போனார்கள். எழுபது ஆண்டுக் காதல் அத்தகையது.

ஈழத்துக் காட்சிகளைக் குறித்து ஒரு சொல். படப்பிடிப்பு 2019 டிசெம்பரில் தாய்லாந்தில் தொடங்கியது. திரையில் நாம் காணும் ஈழம் பெரும்பாலும் அந்நாட்டுக் காடும் கோயிலுமே. சோழநாட்டில் இருக்கும் ரசிகனுக்கு அது உறுத்தாது. அநுராதபுரத்துக்குப் பேருந்தில் போய்வந்த நமக்கு உறுத்துகிறது. இதனைப் பொறுத்துக்கொள்ளலாம். நான் தேடியது வேறொன்று. போர் செய்யும் சோழப் படைக்கு உணவை ஈழத்து மக்களிடமிருந்து பறித்தல் ஆகாது, சோழநாட்டிலிருந்தே அனுப்பவேண்டும் என்று நூலில் அருள்மொழி பிடிவாதம் பிடிக்கிறார். இளமையில் அவ்விடத்தைப் படித்தபோது உள்ளம் பூரித்தது. பின்னர் சூளவம்சத்தைப் படித்தோம். சோழப் படை விகாரைகளைச் சூறையாடியதை அது கூறுகிறது. வரலாற்றுச் சோழனும் கல்கியின் சோழனும் ஒருவரல்லர் என்பதை, இத்தீவில் வாழும் தமிழ் வாசகன் வேறெவரையும் விடத் தெளிவாக அறிந்துகொள்ளவேண்டியிருந்தது. அரசன் எப்படி இருந்தான் என்பதைக் கல்கி எழுதவில்லை. எப்படி இருந்திருக்கவேண்டும் என்பதையே எழுதினார். இதை நினைவில் வைத்துக்கொண்டால்தான், நூலின் முடிவை அவர் ஏன் அப்படி அமைத்தார் என்பது விளங்கும்.

அம்முடிவுக்கே வருகிறேன். தஞ்சைப் புறநகரில் ஒரு குடிசை. அங்கே பேச்சும் செவியும் அற்ற வாணி அம்மை. அவள் வளர்த்த சேந்தன் அமுதன். நந்தவனத்தில் பூக்கொய்து, தளிக்குளத்தார் ஆலயத்துக்கு மாலை தொடுத்துக் கொடுத்து, தேவாரம் பாடிக்கொண்டிருக்கும் எளியவன். அவனுக்கு மாமன் மகள் பூங்குழலி. கோடிக்கரைக் கலங்கரை விளக்கக் காவலர் தியாகவிடங்கரின் மகள், கடலில் தனியாக ஓடம் வலிப்பவள். அவள் நெஞ்சு இளவரசர்மேற் சென்றது. ‘ஓடக்காரி’ என்ற ஏளனம் காதிற் பட்டபோது, அரியணையில் ஏறியே தீருவேன் என்று வெகுண்டாள். பின்னர் அந்த ஆசையெல்லாம் கழன்று, பூக்குடலை சுமக்கும் அத்தை மகனே போதும், குடிசையே போதும் என்று மனம் தெளிந்தாள். தெளிந்த பின்னரே உண்மை வெளிப்படுகிறது. செம்பியன் மாதேவியார் வயிற்றிற் பிறந்து, இறந்ததென்று எண்ணிப் புதைக்கக் கொடுக்கப்பட்ட குழந்தை இந்தச் சேந்தன் அமுதனே. அரண்மனையில் மதுராந்தகன் என்று வளர்ந்தவன் வேறொருத்தியின் பிள்ளை. முடிசூட்டு நாளில், தன் தலைக்கு வந்த மணிமகுடத்தை அருள்மொழி எடுத்துப் பூக்கட்டி வளர்ந்தவன் தலையில் வைக்கிறார். ஓடக்காரி சோழநாட்டு அரசியாகிறாள். கடைசிப் பாகத்துக்குத் ‘தியாக சிகரம்’ என்று கல்கி பெயரிட்டது இந்தச் செயலுக்காகவே.

படத்தில் சேந்தன் அமுதன் இருக்கிறான். வந்தியத்தேவனுக்கு உதவும் நல்ல பிள்ளையாக வந்து போகிறான். மகுடம் மதுராந்தகனுக்கே செல்கிறது. பூங்குழலி ஓடக்காரியாகவே நின்றுவிடுகிறாள்.

இம்மாற்றத்துக்குச் சார்பாக இரண்டு வாதங்கள் கேட்கிறேன். முதலாவது வரலாறு. உத்தம சோழன் செம்பியன் மாதேவியின் மகன், அவ்வளவே. குழந்தை மாறிய கதை கல்கியின் கற்பனை. சிற்றப்பன் ஆசைப்பட்டபடியால் அருள்மொழி அரசை விரும்பாது விட்டார் என்ற கருத்தைத் திருவாலங்காட்டுச் செப்பேடு தருகிறது. படம் அதனோடு பொருந்தி நிற்கிறது என்பர். நல்லது. ஆனால் நந்தினி எந்தக் கல்வெட்டில் இருக்கிறாள்? ஊமை ராணி எந்தச் செப்பேட்டில் வருகிறாள்? அவ்விருவரையும் ஒரே நடிகையின் இரு வேடமாக்கிப் படத்தின் நடுத்தூணாக நிறுத்திவிட்டு, சேந்தன் அமுதனிடம் மட்டும் கல்வெட்டுச் சான்று கேட்பது நியாயமாகப் படவில்லை.

இரண்டாவது வாதம் வலிமையுடையது. பிள்ளை மாறிப்போன கதை பழங்கதை. இன்றைய ரசிகர் சிரித்துவிடுவர் என்பது அது. உண்மைதான். நம் சினிமா அந்த உத்தியைச் சக்கையாகப் பிழிந்து எறிந்துவிட்டது. ஆயினும் கல்கி அதனைக் கையாண்ட விதம் அந்தச் சக்கைக்குள் சேராது. வழமையான கதையில், குடிசையில் வளர்ந்த அரசகுமாரன் உண்மை அறிந்ததும் வாளை உருவிக்கொண்டு உரிமை கேட்பான். இங்கே அரண்மனையில் வளர்ந்தவனே அரியணைக்காக நள்ளிரவுக் கூட்டங்கள் நடத்துகிறான். உரிமையுள்ளவன் கேட்கவே இல்லை. அவனுக்கு அரியணைமேல் ஆசையும் இல்லை. பழுவேட்டரையர் போன்ற பெருவீரர்கள் யாருக்காகச் சூழ்ச்சி செய்தார்களோ அவன் உரியவனே அல்லன் என்ற எள்ளலும் அதனுள் இருக்கிறது. செம்பியன் மாதேவியார் மதுராந்தகனுக்கு முடிசூட்ட மறுத்துக்கொண்டே இருந்தாரே, அந்த மறுப்பின் அடிவேர் அவர் நெஞ்சிற் சுமந்த இந்த இரகசியம். படத்தில் மறுப்பு இருக்கிறது, வேர் இல்லை.

ஒருவன் அரசுக்காகச் சூழ்ச்சி செய்கிறான், பகைவரோடும் சேர்கிறான். கடைசியில் நாட்டின் அமைதிக்காக அவனுக்கே அரசு கொடுக்கப்படுகிறது. இது நல்ல அரசியல். அறிவுள்ள எந்த இளவரசனும் செய்யக்கூடியது. கேளாதவன் ஒருவனைக் குடிசையிலிருந்து கையைப் பிடித்து அழைத்துவந்து, ஊர் பார்க்க அவன் தலையில் மகுடத்தை வைப்பது வேறு செயல். நான் பூசித்த அருள்மொழி இரண்டாவதைச் செய்தவர். படத்து அருள்மொழி முதலாவதைச் செய்கிறார். பெயர் ஒன்று, ஆள் வேறு.

ஆங்கிலத்திலும் இத்தகைய வழக்கு உண்டு. நம் தொடர்கதை முற்றுப்பெற்ற அதே 1954 இல் அங்கே தோல்கீன் என்னும் பேராசிரியரின் ‘மோதிரங்களின் தலைவன்’ என்னும் மாயப் பெருங்கதை வெளிவரத் தொடங்கிற்று. பீற்றர் ஜாக்சன் 2001 முதல் 2003 வரை அதனை மூன்று படங்களாக்கினார். காட்டில் பாடித்திரியும் தொம் பொம்படில் என்ற விநோதப் பாத்திரத்தை அவர் விட்டதற்காக ரசிகர் பலர் மனம் நொந்தனர். எனக்கு அதில் பெரிய நட்டம் தெரியவில்லை. வேறொன்றும் விடப்பட்டது. நூலின் இறுதியில், பேரரசர்களின் போரை முடித்துவிட்டு ஊர் திரும்பும் குள்ளர் நால்வரும், தங்கள் சிற்றூரே சூறையாடப்பட்டு, மரங்கள் தறிக்கப்பட்டு, அயலார் அதிகாரத்தில் கிடப்பதைக் காண்கின்றனர். ஊராரைத் திரட்டித் தாங்களே அதனை மீட்கின்றனர். படத்தில் அவர்கள் திரும்பும் ஊர், விட்டுப்போனபடியே பச்சைப்பசேலென்று இருக்கிறது. போர் எவர் வீட்டையும் விடாது என்று நூல் சொன்னதைப் படம் சொல்லாமலே விட்டது. போர் முடிந்து ஊர் திரும்பிய அனுபவமுள்ள நம்மவர்க்கு அவ்வேறுபாட்டை விளக்கவேண்டியதில்லை.

இனி, வாவிக்கரையில் இருந்துகொண்டு நான் ஏன் இதற்காக இவ்வளவு மல்லுக்கட்டுகிறேன் என்று வாசகர் கேட்கலாம். கர்ணனைச் சற்று முன் குறிப்பிட்டேன். பாரதக் கதையோடு வளர்ந்த ஊர்கள் நம்முடையவை. களரியில் கர்ணனைக் கண்டோம். பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் சடங்கில் வனவாசத்தோடு கூடவே நடந்தோம். அரச வயிற்றிற் பிறந்து, எளியவர் வீட்டில் வளர்ந்து, சபை நடுவே குலம் கேட்கப்பட்டுத் தலைகுனிந்தவன் கர்ணன். அவன் யார் என்பதை அறிந்தவர்கள் காலத்தில் வாய் திறக்கவில்லை. தம்பியர் அறியும்போது அவன் பிணமாகிவிட்டான். விடியற்காலையில் மத்தளம் ஓயும்போது கூத்துப் பார்க்க வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போவது இதற்காகத்தான்.

சேந்தன் அமுதன், கர்ணன் கதைக்குக் கல்கி எழுதிய மாற்று முடிவு என்பது என் துணிபு. அதே பிறப்பு; அதே எளிய வளர்ப்பு. ஆனால் இங்கே அன்னை வாய் திறக்கிறாள். மகன் முறையானவன் போர் செய்யாமல் விட்டுக்கொடுக்கிறான். குலம் கேட்டு எவரும் அவனைக் கூசவைக்கவில்லை. மகுடம் உயிருள்ள தலையில் ஏறுகிறது. கல்கி இவ்வாறு எண்ணித்தான் எழுதினாரா என்பது எனக்கு முக்கியமன்று. கர்ணனுக்காகத் தலைமுறை தலைமுறையாக அழுத ஒரு சமூகம் அந்த அத்தியாயத்தைப் படித்தபோது என்ன உணர்ந்திருக்கும் என்பதே முக்கியம். வேறு ஊர்களில் இந்நூலை வீரத்துக்காகவும் காதலுக்காகவும் படித்திருப்பார்கள். நாமும் படித்தோம். அதற்கு மேலே நமக்கு இது ஒன்று கிடைத்தது.

பூங்குழலி இதற்கும் மேலே. எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையே நீர் கிடக்கும் நாடு நமது. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அத்துறையில் மக்களைக் கரைசேர்த்தது பாதையும் தோணியுமே. வயலுக்குப் போனவரும், பிள்ளைப்பேற்றுக்கு ஆசுபத்திரிக்குப் போனவரும், பள்ளிக்கூடத்துக்குப் போன ஆசிரியரும் தோணிக்காரனின் கையை நம்பியே போனார்கள். இறங்கிக் கரையில் கால் வைத்ததும் அவனை மறந்தார்கள். ‘தோணிக்காரர்’ என்று சொல்லும்போது நம்முடைய குரலிலும் ஒரு சிறு இறக்கம் இருந்ததை நான் கேட்டிருக்கிறேன். அந்த இறக்கத்தைத்தான் கோடிக்கரைப் பெண்ணும் கேட்டாள்.

என் அயலில் இருக்கும் மூதாட்டி ஒருவர் நூலைப் படித்தவருமல்லர், படிக்கக் கேட்டவருமல்லர். பேரப்பிள்ளைகளோடு இருந்து இரண்டு பாகங்களையும் வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தார். அரசர் செத்ததையோ வாட்சண்டையையோ பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் வேலியோரத்தில் என்னை மறித்துக் கேட்டது இதுதான்: “மனே, அந்தத் தோணிக்காரப் பெட்டைக்கு மறுகா என்ன நடந்த?”

“அவ ராணியாகிற்றா, பெத்தா. கதையில அப்பிடித்தான் இருக்கு” என்றேன்.

“மெய்யாவா மனே? பொறகு ஏன் அதக் காட்டாம உட்ட?”

இக்கேள்வியைவிடச் சிறந்த விமரிசனம் எதனையும் எந்த ஏட்டிலும் நான் படிக்கவில்லை. நூலையே அறியாத ஒருவருக்குக்கூட, அந்தப் பாத்திரம் அவ்விடத்தில் முடியக்கூடாது என்று தோன்றியிருக்கிறது. பூங்குழலியாக வந்த ஐஸ்வர்யா லட்சுமி அவளை அவ்வளவு உயிரோடு காட்டிவிட்டார். கதை பாதியில் நின்றதைப் பார்வையாளர் உணர்ந்துவிட்டார். கொத்தமங்கலம் சுப்புவின் ‘தில்லானா மோகனாம்பாள்’ 1968 இல் படமானபோதும் நூலிலிருந்து எவ்வளவோ விடப்பட்டன. ஆயினும் மோகனாவுக்கு மறுகா என்ன நடந்தது என்று எவரும் வேலியோரத்தில் நின்று கேட்கவேண்டியிருக்கவில்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். படத்தைப் பார்த்துவிட்டு நூலுக்கு வரும் பிள்ளைகளிடம் படத்தைப் பழித்துப் பேசாதீர்கள். அவர்களை அழைத்துவந்ததே அதுதான். ஐந்தாம் பாகத்தின் முடிசூட்டுப் பகுதியை வகுப்பில் உரத்து வாசியுங்கள். வாசித்துவிட்டுக் கர்ணனைப் பற்றிக் கேளுங்கள். நம் பிள்ளைகள் தாமே இரண்டையும் பொருத்திப் பார்ப்பார்கள் என்பதில் எனக்கு நம்பிக்கை உண்டு.

அண்ணாவிமாருக்கும் ஒன்று கேட்கிறேன். கல்கியின் நூல்கள் நாட்டுடைமையானவை. எவரிடமும் உரிமை கேட்டு நிற்கவேண்டியதில்லை. திரை விட்டுவிட்ட இந்த முடிவை நம் களரி எடுத்துக்கொள்ளலாகாதா? குழந்தையைப் புதைக்கக் கொடுக்கும் இரவில் தொடங்கி முடிசூட்டோடு முடியட்டும். பழுவேட்டரையர் வரவும் சேந்தன் அமுதன் வரவும் தாளத்திலேயே வேறுபட்டு நிற்கும். மதுராந்தகனுக்குத் தரு எழுதுவதில் நம் புலவர்களுக்குச் சிரமம் இராது. வடமோடியா தென்மோடியா என்பதை மத்தளம் பிடிப்பவர்கள் தீர்மானிக்கட்டும். பூங்குழலிக்கு மட்டும் இரண்டு வரவு வேண்டும்: முதலாவதில் துடுப்போடு, இரண்டாவதில் முடியோடு. இரண்டாவது வரவிலும் துடுப்பைக் கீழே வைக்காமல் ஆடக்கூடிய ஓர் இளையவரைத் தேடிப்பிடிக்க வேண்டும்.